அந்தத் தம்பியிடம் தமிழில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, அடுக்கி, கிருமி நீக்கி அனுப்பும் பிரிவில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்போது என்னையும் சேர்த்து 11 பேர் உள்ள ஒரு ஷிஃப்டுக்கு மேற்பார்வையாளர். அடுத்த மாதம் எங்களுக்கு மறுபடியும் ஒரு பயிலரங்கு வைத்திருக்கிறார்கள். அவரவர் எப்படி வேலை செய்பவர், குழுவில் அவருடைய பலம் என்ன என்று கண்டுபிடித்துச் சொல்கிற பயிலரங்கு. போன முறை நடந்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். 20 நிமிடத்தில் முடிக்க வேண்டும். முடித்ததும் ஆளுக்கொரு நிறம். சிவப்பு என்றால் சட்டென்று முடிவெடுப்பவர், மஞ்சள் கலகலப்பானவர், பச்சை பொறுமைசாலி, நீலம் கணக்காகச் செய்பவர். எனக்குச் சிவப்பு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் தம்பிக்குப் பச்சை. அமைதியானவர், சொன்னதைச் செய்வார், எதிர்த்துப் பேசமாட்டார் என்று அவர் தாளில் இருந்தது. அப்புறம் புதிய வேலைமுறை பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. தள்ளுவண்டியில் கருவித் தட்டுகளை ஏற்றி இறக்கும் வேலைதான் அவருக்கு மேலும் மேலும் வந்தது.

மூன்று மாதம் கழித்து ஓர் இரவு. கத்தரிபோல் மடங்கும் கருவிகளை வாய் திறந்த நிலையில்தான் அடுக்க வேண்டும். மூடியிருந்தால், கிருமி நீக்கும் இயந்திரத்தின் நீராவி இடுக்கில் போகாது. 134 டிகிரி சூட்டில் வைத்தாலும் அந்த இடுக்குக்கு உத்தரவாதம் இல்லை. அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு வரிசைத் தட்டுகளையே மூடிய கருவிகளோடு கட்டிவிட்டார். வெளியே ஒட்டும் நாடாவில் சூடு பட்டதும் கறுப்புக் கோடு வந்துவிடும். அதை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். வண்டியில் ஏற்றும்போது தம்பிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தட்டை அசைத்தபோது கேட்ட சத்தம் வேறு மாதிரி இருந்ததாம். பொறுப்பில் இருந்தவர், அறுவை அறையில் காத்திருக்கிறார்கள், இயந்திரத்தை ஓட்டு என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். தம்பி கதவின்முன் நின்றுகொண்டு “நோ, சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் இறங்கி வந்து பிரித்துப் பார்த்தேன். 14 தட்டுகள். அத்தனையையும் மறுபடி கட்டினோம்.

எதிர்த்துப் பேசமாட்டார் என்று எழுதப்பட்ட அதே ஆள்தான்!

அன்று விடிகாலையில் கேன்டீனில் டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், அந்தத் தாளில் அப்படி ஏன் நிரப்பினீர்கள் தம்பி என்று. அவர் தமிழில் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “அக்கா, கூட்டத்தில் தயக்கமில்லாமல் பேசுவீர்களா என்று கேட்டிருந்தது. இங்கிலீஷில் எனக்குத் தயக்கம்தானே, இல்லை என்று போட்டேன். மேலதிகாரி முடிவு தப்பென்றால் சொல்வீர்களா என்று கேட்டிருந்தது. என் ஒர்க் பெர்மிட் அவர்கள் கையில் இருக்கிறது. ஆமாம் என்று எழுதி, பெயரும் போட்டுக் கொடுக்க முடியுமா?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தத் தாள் அளந்தது அவருடைய ஆங்கிலத்தையும் பயத்தையும்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதன்பிறகு நானே ஒரு காரியம் செய்தேன். இரண்டு வாரம், டீ நேரத்தில், ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்து ஒரே கேள்வி கேட்டேன்: வேலை சிக்கலாகிவிட்டால் நம் குழுவில் யாரைக் கூப்பிடுவீர்கள், எதற்காகக் கூப்பிடுவீர்கள்? தமிழர்களிடம் தமிழில், மலாய்க்காரர்களிடம் எனக்குத் தெரிந்த மலாயில், பிலிப்பீன்ஸ் தோழியிடம் ஆங்கிலத்தில். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள்கூட அடுத்தவரைப் பற்றி மடைதிறந்த மாதிரி சொன்னார்கள். அறுவை அறைத் தாதியர் கோபமாகப் பேசினால் போனை எங்கள் மலாய்த் தோழியிடம் கொடுத்துவிடுவார்களாம். புதியவருக்குக் கற்றுத்தர, தினமும் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வரும் பெண். தட்டில் ஒரு கருவி குறைந்தால், தம்பி. பத்துப் பேரில் எட்டுப் பேர் அவரைத்தான் சொன்னார்கள். எந்தத் தட்டில் எத்தனை இடுக்கி என்று சீட்டைப் பார்க்காமலே சொல்லுவார் என்பது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது.

என்னைப் பற்றியும் வந்தது. சட்டென்று முடிவெடுப்பவள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசியாக ஒருமுறை அக்கா பார்த்துவிட்டால் நிம்மதி, அதற்காகக் கூப்பிடுவோம் என்றார்கள். ஜொகூர்ப் பெண் இன்னொன்றும் சேர்த்தாள். “ஆனால் அக்கா, நாங்கள் சரிபார்த்ததை நீங்கள் மறுபடி திறந்து பார்ப்பீர்கள். எங்கள்மேல் நம்பிக்கை இல்லையோ என்று இருக்கும்.” அன்று இரவு தூக்கம் வரவில்லை. 19 ஆண்டுகளில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது எண்ணிக்கைச் சீட்டில் கடைசிக் கையெழுத்தைத் தம்பியிடம் விட்டிருக்கிறேன். முதல் மாதம் என் கை பரபரத்தது. பிரிக்காமல் இருந்தேன்.

சரி, இந்தக் கேள்வித்தாள்கள் எங்கிருந்து வந்தன என்று உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நான்கு வகையாகப் பிரிக்கும் யோசனைக்கு மூலம் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன். 1928இல் எழுதினார். அவர் கேள்வித்தாள் எதையும் தயாரிக்கவில்லை. அதெல்லாம் பின்னால் மற்றவர்கள் செய்தது. 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறதாம்.

எனக்குப் பிடித்தது பிரிட்டிஷ் ஆய்வாளர் மெரடித் பெல்பின் செய்த ஆய்வு. இங்கிலாந்தின் ஹென்லி நிர்வாகக் கல்லூரியில் குழுக்களைப் பயிற்சிப் போட்டிகளில் இறக்கி ஆண்டுக்கணக்கில் கவனித்திருக்கிறார். மூளைக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்த குழுக்கள் ஜெயிக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பெரும்பாலும் அவை பின்தங்கின. ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறை கண்டுபிடிப்பதிலேயே நேரம் போயிற்று. குழுவுக்குத் தேவையான பங்குகள் என்று கடைசியில் ஒன்பதைச் சொல்கிறார். அதில் ஒன்று, பிழை இருக்கிறதா என்று கடைசிவரை பார்த்து முடித்துவைப்பவர். அப்படிப்பட்டவருக்கு வேலையைப் பிறரிடம் விட மனம் வராது என்றும் எழுதியிருக்கிறது. படித்தபோது ஜொகூர்ப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்டது. அந்த முறையில் நாம் நிரப்பும் தாளோடு, கூட வேலை செய்பவர்களிடமும் நம்மைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்களுக்கு நடந்த பயிலரங்கில் அந்தப் பகுதியே இல்லை.

பயிலரங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் பலம் எது என்று தெரியாமலே காலத்தை ஓட்டிவிடுகிறவர்கள் எங்கள் பிரிவில் நிறைய. முதலாளிகளிடமும் பயிற்சி நடத்துவோரிடமும் கேட்பது இதுதான். கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் வங்காளத்திலும் நடக்கிறது. உயிர் சம்பந்தப்பட்டது, புரிய வேண்டும் என்பதால்தானே? எங்கள் தட்டுகளிலும் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கேள்வியைத் தமிழில் கொடுங்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். நிறத்தைப் பார்த்து யாருக்கும் வேலையை மாற்றாதீர்கள். தமிழில் பயிற்சி நடத்தும் அனுபவம் உள்ள நம் சமூக அமைப்புகள் இதில் கைகொடுத்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த மாதப் பயிலரங்குக்கு முன்பே என் மேலாளரிடம் மனுக் கொடுத்திருக்கிறேன். கேள்வித்தாளை இரண்டு நாள் முன்னதாகத் தந்தால், வீட்டில் உட்கார்ந்து நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ்