ஆயா கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி அப்படியே இருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், வடகத் தட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்புகிறாள். அனுப்பிவிட்டு, காக்கை வந்ததா என்று கீழேயிருந்து கத்துகிறாள். நீ அனுப்பிய முப்பதாயிரம் ரூபாய் கணக்கில் வந்து சேர்ந்தது. அதை இன்னும் எடுக்கவில்லை. எடுக்க அவசரம் ஒன்றும் இல்லை.

மதுரையில் வெயில் கடுமையாக இருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். தொப்பி போட்டுக்கொள். மோர் நிறையக் குடி. இரவில் இருசக்கர வண்டியில் தனியாகப் போகாதே. வேறு யாருடைய பணத்தையும் உன் பையில் வைத்துக்கொள்ளாதே.

சின்ன மாமா உன்னை மாட்டுத்தாவணியில் பார்த்ததாகச் சொன்னார். இளைத்துவிட்டாய் என்றார். கையில் இருந்த கருவியில் தெருவாரியாக, வீடுவாரியாகப் பெயர்கள் இருந்தனவாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிறமாம். பச்சை என்றால் என்ன, மஞ்சள் என்றால் என்ன என்று கேட்டதற்கு, “களப்பணி மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாயாம். நான் அவரிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. புள்ளியியல் படித்த பிள்ளை, பட்டியல் போடுவது அவன் தொழில் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீ அந்தப் படிப்பில் முதல் வகுப்பில் தேறியபோது இந்தத் தெருவில் நான் இனிப்புக் கொடுக்காத வீடு இல்லை. அது உனக்குத் தெரியும்.

ஐந்து வாரமாக நீ பேசவில்லை. அன்று போனில் நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. ஆனால் நீ கேட்டாயே: “என் ஓட்டு, என் சொத்து. அதை நான் விற்றால் யாருக்கு நஷ்டம்?” நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு மாணவன் இப்படிக் கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். வீட்டுக்குள்ளிருந்து வந்த கேள்வி என்பதால் பதில் வரவில்லை. இப்போது யோசித்துச் சொல்கிறேன்.

வீடு உன் சொத்து. அதை விற்கலாம், அடகு வைக்கலாம், உன் பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். ஓட்டை உன் அக்காவுக்கு எழுதிவைக்க முடியுமா? நீ போன பிறகு அது யாருக்கும் மிஞ்சாது. தேர்வு நுழைவுச்சீட்டில் மாணவனின் பெயரும் படமும் இருக்கிறது என்பதற்காக, அவன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து எழுத அதை விற்கலாம் என்று யாராவது சொல்வார்களா? விற்றால், ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்த அடுத்த மேசைப் பையனுக்குத்தான் நஷ்டம். என் பணிக்காலத்தில் ஒன்பது தேர்தல்களுக்கு வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். அதிகாலையில் மாதிரி வாக்குப்பதிவு முடித்து, இயந்திரத்துக்கு முத்திரை வைத்து, கதவைத் திறக்கும்போது வெளியே வரிசை நிற்கும். அந்த வரிசையில் ஒருவன் விற்றுவிட்டு வந்து நின்றால், அவனுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிறவர்களின் ஓட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து விற்றுவிட்டான் என்றுதான் அர்த்தம்.

சட்டம் உனக்குத் தெரியும் என்றாய். எனக்கும் தெரியும்; பயிற்சி வகுப்புகளில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171பி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 170. கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 11ஏ பிரிவைப் படித்திருக்கிறாயா? இந்தக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் ஆறு ஆண்டுகளுக்கு எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது. 8ஆம் பிரிவின்படி தேர்தலில் நிற்கவும் முடியாது. கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கும் அதுதான் கதி. யாரோ சொல்லி, யாரோ கொடுத்த பணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவனை, “நான் வெறும் ஆள்தான்” என்று சொன்னால் சட்டம் விட்டுவிடாது. பறக்கும் படை வண்டியை நிறுத்தினால் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்ட வேண்டியவர் அப்போது அங்கே இருக்க மாட்டார். பை வைத்திருப்பவன்தான் இருப்பான். அதனால்தான் சொல்கிறேன், வேறு யாருடைய பணத்தையும் உன் பையில் வைத்துக்கொள்ளாதே.

வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி மாற்றிப் போட்டால் போயிற்று என்று சொல்லாத தலைவர் இல்லை. மேடையில் அதைக் கேட்டு நாமும் கைதட்டியிருக்கிறோம். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மாநிலங்களவைத் தேர்தலில் ஓட்டுப் போடப் பணம் வாங்கியதாக ஒரு சட்டமன்ற உறுப்பினர் மீது வழக்கு. பணம் கொடுத்ததாகச் சொல்லப்படுபவருக்கு ஓட்டுப் போடவே இல்லை என்பது அவர் தரப்பு. வாங்க ஒப்புக்கொண்டபோதே, வாங்கியபோதே குற்றம் முழுமையாகிவிட்டது, பிறகு யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது பொருட்டே இல்லை என்றார்கள் நீதிபதிகள். சட்டமன்ற உறுப்பினருக்குச் சொன்னதுதான், இட்லி விற்கிறவர்களுக்கும் வாத்தியார்களுக்கும் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

தொலைக்காட்சியும் மிக்சியும் கொடுத்தால் வாக்குறுதி, ரொக்கம் கொடுத்தால் லஞ்சமா என்று கேட்டாய். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் அறிக்கையில் சொல்வது சட்டப்படி லஞ்சம் ஆகாது என்று 2013இல் தீர்ப்பானது. ஆனால் நேர்மையான தேர்தலின் வேரை அது அசைக்கிறது என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். என் மனதுக்குப் படுவது இதுதான்: அறிக்கையைப் பகலில் வாசிக்கிறார்கள், எதிர்த்து ஓட்டுப் போட்டவன் வீட்டுக்கும் அந்த மிக்சி வருகிறது. ரொக்கம் மட்டும் ராத்திரியில், பட்டியலைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு வருகிறது.

யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று யாராலும் பார்க்க முடியாது. பணம் கொடுப்பவருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏன் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பல வருடம் புரியவில்லை. சில இடங்களில் சாமி படத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் புரிந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஊர் இது. ஒருவரிடம் வாங்கிவிட்டு அவருக்கு எதிராகப் போட நம் ஜனங்களுக்குக் கை வருவதில்லை. அந்த நல்ல குணத்தை நம்பித்தான் அவர்கள் முதல் போடுகிறார்கள். உன் கையில் இருக்கிற பட்டியலில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கினால் சொன்னபடி போடுவார்கள் என்று யாருடைய பெயருக்காவது குறி வைத்திருந்தால், அந்த வீட்டில் இருப்பவர் நாணயமானவர் என்று அர்த்தம். அதை நினைத்துப் பார்.

2009இல் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரே இந்த வியாபாரத்துக்குப் பெயராகிவிட்டது. பணப் பட்டுவாடாவுக்காக 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலை நிறுத்தினார்கள். 2019இல் வேலூரில் நிறுத்தினார்கள். அதெல்லாம் பேப்பரில் படித்தது. 2017 ஏப்ரலில் நம் ஆர்.கே. நகரில் நிறுத்தியதை நீ வீட்டிலிருந்தே பார்த்தாய். பன்னிரண்டாம் தேதி உனக்கு முதல் ஓட்டு. அம்மா எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையைப் பெட்டி போட்டு மாட்டிவைத்திருந்தாய். ஒன்பதாம் தேதி ராத்திரி தேர்தல் ரத்து என்று செய்தி வந்தது. நீ ஒன்றும் பேசாமல் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தாய். டிசம்பர் 21ஆம் தேதி திரும்பத் தேர்தல் நடந்தபோது அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. நான் கவனித்தேன்.

அன்று போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய்: “எல்லார் வீட்டிலும்தான் வாங்கினார்கள் அப்பா.” அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நீ எதைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு பக்கம் சட்டம் எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

2011 ஏப்ரல். உனக்குப் பன்னிரண்டு வயது. கரண்ட் போன நேரத்தில் வந்தான், என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். “சார், உங்கள் வீட்டில் நாலு ஓட்டு” என்றான். நான், அம்மா, அக்கா, படுத்த படுக்கையாக இருந்த பாட்டி. பாட்டியின் பெயரையும் சரியாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அம்மாவிடம் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். குடித்துவிட்டுக் கவரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனான். தெருமுனை வரைக்கும் அவன் நடந்துதான் போனான். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். நான் கூப்பிடவில்லை. தலைக்கு ஐந்நூறு, மொத்தம் இரண்டாயிரம். பெரிய அகராதிக்குள் வைத்தேன். அது எதற்குச் செலவானது என்றுகூட இன்று நினைவில்லை. பாட்டியின் மருந்துக்கு என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படிச் சொல்ல முடியாது. என் சம்பளம் அப்போது குடும்பத்துக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நீயும் நானும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆயாவின் இட்லிக் கடைக்குப் போனோம். ஓட்டுக்குத் துட்டு வாங்காதீர்கள், அது நம்மை நாமே விற்பது என்று அதற்கு முந்தைய வாரம்தான் ஆயாவிடம் பெரிதாகப் பேசியிருந்தேன். ஆயா வாங்கவில்லை. ராத்திரி வந்தவர்களிடம், “வாத்தியார் கூடாதுன்னு சொல்லிட்டார்” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அதைச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “உன் வூட்டுக்கும் வந்தாங்களா வாத்தியாரே?”

“வந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன்” என்றேன்.

நீ என் பக்கத்தில் நின்றாய். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு தூக்குவாளியை ஆயாவிடம் நீட்டினாய். வீட்டுக்கு வரும் வழியிலும் கேட்கவில்லை. பதினைந்து வருடமாகக் கேட்கவில்லை.

வாங்கியதைவிட அந்தப் பொய்தான் என்னை அரிக்கிறது. அந்த வருடமே ஆயாவின் கடையை நடைபாதையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். சாக்கடைச் சந்துக்கு மாற்றிக்கொண்டார். பாதி வியாபாரம் போயிற்று. ஓட்டுப் பணத்தை மறுத்ததால்தான் அப்படி நடந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆயா அப்படித்தான் நினைத்தார். நினைத்தும் என்னிடம் வருத்தமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. “நீயும் வாங்கலையே வாத்தியாரே, அது போதும்” என்பார். ஆயா போய் மூன்று வருடம் ஆகிறது. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருடம் இருந்தது.

அந்தத் தேர்தலிலும் எனக்குப் பணி. பயிற்சி வகுப்பில் தபால் வாக்குச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். யாருக்குப் போட்டேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஆனால் பேனாவை வைக்கும்போது அந்தப் பையன் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தது கண்முன் வந்தது. என் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. இரண்டாயிரம் ரூபாய்க்கு அவர்கள் வாங்கியது அந்தக் கொஞ்ச நேரத்தை. வாக்குப்பதிவு நாளில் அதே கையால்தான் சாயங்காலம் வரைக்கும் மற்றவர்கள் விரலில் மை வைத்தேன்.

உன்னைக் கண்டிக்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ என் பிள்ளை. அந்தப் பை கனக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். கனத்தால் இறக்கி வைத்துவிட்டு வந்துவிடு. வேலை போனால் போகட்டும். என் ஓய்வூதியம் மூன்று பேருக்குப் போதும். முப்பதாயிரத்தை நான் ஏன் தொடவில்லை என்று உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இது எந்தப் பணம் என்று நீ வந்து உன் வாயால் சொன்னால், அம்மாவின் மூட்டுக்குச் செலவு செய்கிறேன்.

ஆயாவின் பேரன் இப்போது மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டிருக்கிறான். நாளைக் காலை அவனிடம் போய் 2011இல் நடந்ததைச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

வாக்காளர் சீட்டு உன் பெயருக்கும் வந்திருக்கிறது. வாக்குச்சாவடி அதே பள்ளிக்கூடம்தான். சீட்டை அகராதிக்குள் வைத்திருக்கிறேன். பாண்டியனில் டிக்கெட் கிடைத்தால் எந்தப் பெட்டி என்று அம்மாவிடம் சொல். காலையில் ரயில் நிலையத்தில் நிற்கிறேன். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன்
அப்பா