கனடாவின் வெள்ளி டாலர்கள்

டொராண்டோ

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். ஜார்ஜ் மன்னர் காலத்து ரூபாய்களை ஆண்டு வாரியாக அடுக்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அந்தப் பித்து இப்போது என்னையும் பிடித்துக்கொண்டது. நான் கனடாவின் வெள்ளி டாலர்களைச் சேர்க்கிறேன்.

எல்லாவற்றையும் வாங்க ஆசைப்பட்டால் கட்டுப்படியாகாது. 1971 முதல் சேகரிப்பாளர்களுக்கென்றே வெளியிடப்பட்டுவரும் வெள்ளி டாலர்கள் அழகானவைதாம். ஆனால் கடைவீதியைப் பார்க்காத காசில் எனக்கு ஈர்ப்பில்லை. ஆகவே, 1935 முதல் 1967 வரை புழக்கத்துக்காக அடிக்கப்பட்டவை மட்டும் போதும் என்று எல்லை வகுத்துக்கொண்டேன்.

முதல் டாலர், ஐந்தாம் ஜார்ஜ் அரியணையேறிய வெள்ளி விழாவையொட்டி 1935இல் வந்தது. பின்புறத்தை வடித்தவர் இமானுவேல் ஹான் என்னும் சிற்பி. விலங்குகளின் மென்மயிர்த் தோல் வணிகத்துக்காகப் படகு வலிப்பவர் ஒருவரும் பூர்வகுடி ஒருவரும் துடுப்புப் போடுகிறார்கள். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், படகிலுள்ள மூட்டையில், அந்த வணிகத்தை நடத்திய ஹட்சன் பே கம்பெனியின் முதலெழுத்துகளும், வானத்தில் வடதுருவ ஒளியின் மெல்லிய கோடுகளும் தெரியும். தேய்ந்த காசில் முதலில் மறைவது அந்தக் கோடுகள்தாம். 80 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு, எடை 23.33 கிராம். உன் ரூபாய் நம் பழைய எடைக் கணக்கில் ஒரு தோலா என்றால் இது சரியாக இரண்டு தோலா!

உனக்கு எழுதியே ஆக வேண்டியது 1948ஆம் ஆண்டு டாலரைப் பற்றித்தான். அதுவரை ஆறாம் ஜார்ஜின் தலையைச் சுற்றியிருந்த லத்தீன் வாசகத்தில் ‘இந்தியப் பேரரசர்’ என்பதும் சுருக்கமாக இடம்பெற்றிருந்தது. இந்தியா விடுதலை பெற்றதும் அதை நீக்க வேண்டியதாயிற்று. திருத்திய அச்சுகள் லண்டனிலிருந்து வரத் தாமதமானதால், ஒட்டாவா நாணயச்சாலை 1947ஆம் ஆண்டு அச்சிலேயே ஆண்டுக்கருகில் சிறு மேப்பிள் இலையைச் சேர்த்து 1948இலும் அடித்துக்கொண்டிருந்தது. புதிய அச்சு வந்துசேர்ந்தபின் அந்த ஆண்டு அடித்த டாலர்கள் 18,780 மட்டுமே. நம் நாட்டு விடுதலை, எங்கோ கிடக்கும் ஒட்டாவாவில் ஒரு காசை அரிதாக்கி, ‘வெள்ளி டாலர்களின் அரசன்’ என்று பெயர் வாங்கித் தந்திருக்கிறது. (விலையும் அரசனுக்குரியதுதான்; இப்போதைக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.) 1948 என்று ஆண்டு பொறித்த டாலரில் பேரரசர் பட்டம் இருந்தால், அது போலி என்று யோசிக்காமல் தள்ளிவிடலாம்.

மற்றவை அவ்வளவு மிரட்டுவதில்லை. 1949இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவுடன் இணைந்ததற்காக அங்கே வந்திறங்கிய கடலோடி ஜான் கேபட்டின் ‘மேத்யூ’ கப்பலைப் பொறித்தார்கள். 1958இன் டாலரில் பொறித்த, பூர்வகுடிகளின் குலக்குறிக் கம்பத்தில் சாவின் சின்னம் இருப்பதாகப் பேச்சுக் கிளம்பி, ‘மரண டாலர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1967இன் பறக்கும் வாத்தோடு புழக்க டாலரில் வெள்ளி முடிந்தது. மறு ஆண்டே நிக்கல்.

அறுபதுகளின் டாலர்கள் பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே கிடைப்பதால் அங்கிருந்து தொடங்கினேன். புளி, பல்பொடி போட்டுத் துலக்கும் நம் ஊர்ப் பழக்கத்தைக் காசிடம் மட்டும் காட்டாதே. பளபளப்பு ஏறும், மதிப்பு இறங்கும். மலிவான பி.வி.சி. உறைகளும் வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும்.

உன்னிடம் 1947ஆம் ஆண்டுப் புலி ரூபாய் இரண்டு இருந்தால் ஒன்றை எனக்காக எடுத்துவை. ஊருக்கு வரும்போது அதற்கு ஈடாக ஒரு படகு டாலர் கொண்டுவருகிறேன். எந்த ஆண்டு வேண்டும் என்று மட்டும் எழுது, 1948ஐத் தவிர.

அன்புடன்,
இராமநாதன்