டாம் அல்தோர் வந்திருந்தால்

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மாடியில் ஒழுக்கு நின்றுவிட்டது.

ராபர்ட் ஜோர்டன் புத்தகங்களை வைத்து எடுத்த வீல் ஆஃப் டைம் மாயாஜாலத் தொடரை அமேசான்காரர்கள் மே மாதமே நிறுத்திவிட்டார்கள். உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஒரு போன் இல்லை. மூன்றாம் சீசன் ஓடும்போது எபிசோடு முடிந்த கையோடு கூப்பிடுவாய். ஏப்ரலில் கடைசி எபிசோடு வந்தது, அதோடு சரி. வேலை ஜாஸ்தியாக இருக்கும். ராத்திரி கண் விழிக்காதே. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. 2021இல் முதல் சீசன் வந்தபோது நாம் இரண்டு பேரும் திட்டாத திட்டா? மாட் என்கிற பாத்திரத்தில் நடித்த பையன் பாதியில் போய்விட, அடுத்த சீசனில் வேறு முகம். புத்தகத்தில் அப்போது கல்யாணமே ஆகாத பெரினுக்கு ஒரு மனைவியைக் கட்டிவைத்து, முதல் எபிசோடிலேயே அவன் கையாலேயே அவளைச் சாகடித்து... சரி, அது இப்போது எதற்கு.

என்னைக் கேட்டால் பெரிய குற்றம் வேறு. ஐந்து பேரில் யார் உலகைக் காக்க மறுபடி பிறந்த டிராகன் என்று நம்மை ஊகிக்க வைப்பதற்காக, கதாநாயகன் ராண்டின் பிறப்பை ஒளித்துவைத்தார்களே, அதுதான். ஜோர்டன் 1990இல் எழுதிய முதல் புத்தகத்தில் அது ஆரம்பத்திலேயே உடைந்துவிடும். டிராலோக் என்ற மிருக அரக்கன் வெட்டிய அப்பா டாம் அல்தோரை, வண்டிக் கம்புகளில் போர்வையைக் கட்டிக் கிடத்தி, இருட்டுக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிறான் ராண்ட். காய்ச்சல் வேகத்தில் டாம் உளறுகிறார், மலைச்சரிவில் பனியில் கிடந்த குழந்தையைத் தூக்கிவந்த கதையை. நம் அப்பா நம் அப்பா இல்லையோ என்று காதில் விழுந்த பிறகும் பிள்ளை இழுப்பதை நிறுத்துவதில்லை. அந்த ஒரு அத்தியாயம் போதும். தொடரில் அதை ஏழாவது எபிசோடு வரைக்கும் தள்ளிவிட்டார்கள்.

டாமாக வந்த மெக்எல்ஹாட்டனைப் பார்த்து, கேம் ஆஃப் த்ரோன்ஸில் கல்யாண விருந்திலேயே ராப் ஸ்டார்க்கைக் குத்தியவரைப் போய் இதற்குப் போட்டிருக்கிறார்களே என்று நீ சிரித்தாய். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. பேசாத மனுஷன் முகம்.

மூன்றாம் சீசனில் ருய்டியன் என்ற பாலைவன நகரத்து எபிசோடைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கண்ணாடித் தூண்களுக்கு நடுவே ராண்ட் நடக்க நடக்க, தன் முன்னோர் ஒவ்வொருவராக மாறுகிறான். அத்தனை பேராகவும் அந்தப் பையன் ஸ்ட்ராடோவ்ஸ்கியே வந்தான். அவன் பிறந்த குலமான, ஈட்டியே கதி என்று வாழும் அயீல்கள் ஒரு காலத்தில் ஆயுதம் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். அந்த உண்மையைத் தாங்க முடியாமல்தான் உள்ளே போனவர்களில் பலபேர் திரும்புவதில்லை. சொந்தக் குடும்பத்துக் கதைதான், இருந்தாலும் தாங்கவில்லை பார். அந்த எபிசோடை எடுக்கத் தெரிந்தவர்களைத்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 14 புத்தகத்தில் நாலாவதோடு கதை அறுந்துவிட்டது.

நான் காத்திருந்த இடம் இனி வராது. 12ஆவது புத்தகத்தில் டாம் மகனைத் தேடி வருவாரே, அது. ஜோர்டன் 2007இல் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் மனைவியும் எடிட்டருமான ஹாரியட் அம்மா தேடிப் பிடித்த எழுத்தாளர் சாண்டர்சன் எழுதி முடித்தது. அதற்குள் ராண்ட் கல்லாகிப் போயிருக்கிறான், ஒருவரிடமும் மனம்விட்டுப் பேச்சில்லை. அப்பாவைக் கண்டதும் கொஞ்சம் இளகுகிறான். அவனுக்கு ஆலோசனை சொல்லும் மந்திரக்காரி கேட்சுவேன் அனுப்பித்தான் இவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், பெற்ற அப்பாவாக வளர்த்தவரையே கொல்லக் கை ஓங்குகிறான். டாம் மேல் என்ன தப்பு, சொல். வழி காட்டியது வேறு ஆளாக இருக்கட்டும். வரவேண்டும் என்ற தவிப்பு அவருடையதுதானே? அடுத்த புத்தகத்தில் அவனே வந்து அப்பாவைக் கட்டிக்கொள்கிறான். அது வரைக்கும் நம்மைப் படிக்க வைத்துவிடுகிறார்கள்.

என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. மதுரை அத்தை பேசினாள், அது வேறு விஷயம். என்னமோ கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்தாள். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பிளஸ் டூவில் கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்தாயே, பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியவன் ராத்திரியில் எடுத்துப் படித்ததால்தான் இன்றைக்கு இவ்வளவு பேசுகிறேன். அயீல் குலம் பன்னிரண்டையும் நீ மூச்சுவிடாமல் ஒப்பிப்பதை ஆபீசில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அவ்வளவு பேசுகிற பிள்ளை இப்போது அம்மாவிடம் "ம்", "சரி" என்று இரண்டு வார்த்தையில் போனை வைக்கிறாய். அவள் பாவம், சிக்னல் சரியில்லை என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஓட்டல் சாப்பாடு என்றாலும் ராத்திரி ஒன்பதுக்குள் முடித்துவிடு. வெறும் வயிற்றில் காபி வேண்டாம் என்று எழுதினேனா? வேண்டாம்.

12ஆவது புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது. கொரியரில் அனுப்பிவைக்க வேண்டாம், வரும்போது எடுத்து வா. இப்போதெல்லாம் ரயிலில் 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள். தீபாவளிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் திறந்த உடனே தீர்ந்துவிடும். காலையிலேயே உட்கார்ந்து நானே போட்டுவிடுகிறேன். ஒரு டிக்கெட்டா, இரண்டா என்பதை மட்டும் எழுது. எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
அப்பா