பெயர்ப்பலகையில் ‘ஷ்ட்ரூடல்’ என்றே ஏன் எழுதியிருக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆப்பிள் பூரணத்தை மெல்லிய மாவில் வைத்துச் சுருட்டிச் செய்யும் எங்கள் பலகாரமான ஷ்ட்ரூடலின் பெயரைப் பார்த்துவிட்டு, “ஆப்பிள் பஃப்ஸ் என்று எழுதினால் எல்லோருக்கும் புரியுமே, வாயில் நுழையாத பெயர் எதற்கு?” என்று உங்களில் பலர் அக்கறையோடு கேட்டீர்கள். கல்லாவில் நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில் எங்களுக்கே நிறைவாக இல்லை. அதனால்தான் இந்த மடல்.

ஷ்ட்ரூடல் என்றால் ஜெர்மன் மொழியில் நீர்ச்சுழல். ஆப்பிளுக்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பே கிடையாது. ஆஸ்திரியாவில் கிரைன் என்னும் ஊருக்கருகே டான்யூப் ஆறு பாறைகளுக்கிடையே சுழித்து ஓடிய இடத்துக்கு ‘கிரைனர் ஷ்ட்ரூடல்’ என்று பெயர். படகோட்டிகளுக்குக் குலைநடுக்கம் தந்த இடம் அது. பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1959-இல் கீழ்ப்புறம் நீர்மின் அணை கட்டி முடிந்து நீர்மட்டமும் உயர்ந்ததும் சுழல் அடங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கை மட்டும் இன்றும் ஷ்ட்ரூடன்கௌ என்றே அழைக்கிறார்கள்.

ஆற்றுச் சுழலுக்குத் தட்டில் என்ன வேலை? எங்கள் பலகாரத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். மைதா, எண்ணெய், வெதுவெதுப்பான நீர், சில சொட்டு வினிகர் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரமாவது மூடிவைக்கிறோம். பிறகு மாவு தூவிய பருத்தித் துணியில் பரப்பி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, புறங்கையால் நாலாபுறமும் இழுக்கிறோம். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், அதுதான் பதம். பூரணத்தை ஓரமாக வைத்துத் துணியின் ஒரு முனையைத் தூக்கினால் மாவு தானாக உருண்டு சுருண்டுகொள்ளும். பஃப்ஸுக்கு மாவின் நடுவே வெண்ணெய் வைத்து மடித்து மடித்துத் தேய்ப்பார்கள். இரண்டும் வேறு வேறு தொழில். ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

உள்ளே ஆப்பிள்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வியன்னா நகர நூலகத்தில் உள்ள, 1696-ஐச் சேர்ந்த கையெழுத்துச் சமையல் ஏட்டில் இருப்பது பாலாடை வைத்த ஷ்ட்ரூடல். ஹங்கேரியில் முட்டைக்கோஸ் வைத்தும் கசகசா வைத்தும் செய்கிறார்கள். அங்கே அதன் பெயர் ‘ரேட்டெஷ்’, அடுக்குகள் கொண்டது என்று பொருள். ஜெர்மானியரின் கண்ணுக்குச் சுழல் தெரிந்தது, ஹங்கேரியரின் கண்ணுக்கு அடுக்கு தெரிந்தது. செக் மொழியில் ‘ஸாவின்’, சுருட்டியது.

எங்களுக்கு மிகப் பிடித்த செய்தி இனிமேல்தான். 1971-இல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரிக்கு நடுவே போடத் தேர்ந்தெடுத்த குறி நினைவிருக்கிறதா, ஆங்கிலச் சிறிய ‘ஏ’யைச் சுற்றி வளையம் போட்டது (@)? அதை எபிரேய மொழி பேசுவோர் ‘ஷ்ட்ரூடல்’ என்கிறார்கள்! மத்திய ஐரோப்பாவிலிருந்து சென்ற யூதர்களுக்கு அது வீட்டுப் பலகாரம். குறியைக் கண்டதும் வெட்டிய துண்டுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. செக் மக்கள் அதே குறியை ‘ஸவினாச்’ என்கிறார்கள். அது வினிகரில் ஊறவைத்துச் சுருட்டிய மீன். ஸாவினோடு ஒரே வேரில் பிறந்த சொல். ஜெர்மானியரோ பேச்சுவழக்கில் அதைத் தொற்றிக்கொண்டிருக்கும் குரங்காக்கிவிட்டார்கள்.

நம் ‘சுழி’யை எண்ணிப் பாருங்கள். ஆற்றில் சுழி, தலைமுடியில் சுழி, தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி. நம் சொல்லும் நீரிலிருந்து எழுத்துக்குப் போயிருக்கிறது. ஷ்ட்ரூடல் சமையலறை வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே பலகையில் பெயர் அப்படியே இருக்கும். கீழே சிறிய எழுத்தில் ‘ஆப்பிள் பூரணம் வைத்துச் சுருட்டியது’ என்று சேர்த்துவிடுகிறோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாவு இழுப்போம். குழந்தைகளை அழைத்துவந்தால் துணியின் ஒரு முனையை அவர்கள் கையில் கொடுக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பேக்கரியினர்