பாசிசத்தை இடப்பக்கம் வைத்த படத்தைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் அறிஞர்களுக்கும்,

வணக்கம். அரசியல் கொள்கைகளை வரிசைப்படுத்தி உங்கள் பாடநூலில் வரைந்திருக்கும் படத்தைப் பற்றி எழுதுகிறோம். ஒரு நேர்கோடு, இடக்கோடியில் பொதுவுடைமை, அதை ஒட்டிச் சோசலிசம், பக்கத்திலேயே பாசிசம். வலக்கோடியில் அரசே இல்லாத நிலை. அரசின் கட்டுப்பாடு எவ்வளவு என்பதுதான் கோட்டின் அளவுகோல். இந்தப் படத்தை வைத்து இம்முறைத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவும் கேட்டுவிட்டீர்கள். பாசிசம் வலதுசாரிக் கொள்கை என்று குறித்தவர்களுக்கு மதிப்பெண் இல்லை.

ஆட்சேபம் தெரிவிக்க வழி வைத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் சான்றாகப் பாடநூலின் பக்கத்தை மட்டுமே இணைக்க வேண்டும் என்பது விதி. பிழை இருப்பதே அந்தப் பக்கத்தில்தான்! நூலகத்தில் உட்கார்ந்து வேறு நூல்களையும் படித்துச் சரியாக எழுதிய பிள்ளை எதைக் கொண்டுவந்து காட்டும்? படத்தை மனப்பாடம் செய்தவருக்கு மதிப்பெண், விளங்கிக்கொண்டவருக்குத் தண்டனை. வரலாறு கற்பிக்கும் எங்களால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் படத்தையும் விடைக்குறிப்பையும் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. இடது, வலது என்ற பிரிவு 1789-இல் பிரெஞ்சு தேசிய சபையில் உறுப்பினர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து வந்தது. சபையின் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கம் அமர்ந்தார்கள், எதிர்த்தவர்கள் இடப்பக்கம். பிறப்பாலும் உடைமையாலும் வரும் ஏற்றத்தாழ்வைக் காப்பதா, குறைப்பதா என்பதே அன்று தொடங்கி அந்தக் கோட்டின் பொருள். உங்கள் அளவுகோலை அதே சபைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மன்னரின் முழு அதிகாரத்துக்காக வாதிட்டவர்கள் இடக்கோடிக்குப் போய்விடுவார்கள். அரசும் வேண்டாம், தனியுடைமையும் வேண்டாம் என்ற ரஷ்யச் சிந்தனையாளர் குரொபோட்கின் வலக்கோடியில் நிற்பார். வலதுசாரி என்ற பெயருக்குக் காரணமானவர்களையே இடப்பக்கம் தள்ளுகிற கோலை வைத்து எதை அளக்க முடியும்?

ஹிட்லரின் நாஜிக் கட்சியின் (தேசிய சோசலிச ஜெர்மன் தொழிலாளர் கட்சி) பெயரிலேயே சோசலிசம் இருக்கிறது என்பது உங்கள் தரப்பின் முதல் வாதம். 1920-இல் அக்கட்சி வெளியிட்ட 25 அம்சத் திட்டத்தில் 17-ஆவது, பொதுப் பயனுக்காக ஈடின்றி நிலத்தை எடுப்பது பற்றியது. 1928 ஏப்ரலில் ஹிட்லரே அதற்கு விளக்கம் எழுதினார்: கட்சி தனியுடைமையை ஏற்கிறது, அந்த அம்சம் யூத நில வணிக நிறுவனங்களை மட்டுமே குறிக்கிறது என்று. பெயரிலிருந்த சோசலிசத்தை நம்பிய கட்சிப் பிரமுகர் ஒட்டோ ஸ்ட்ராசர் 1930-இல் வெளியேறினார். அவருடைய அண்ணன் கிரகோர் 1934 ஜூன் 30 அன்று ஹிட்லர் ஆட்சியாலேயே கொல்லப்பட்டார். 1933 பிப்ரவரி 20 அன்று பெருந்தொழிலதிபர்கள் ஹிட்லரைச் சந்தித்துத் தேர்தல் நிதிக்கு ஒப்புக்கொண்டார்கள். மார்ச் 23 அன்று அவருக்கு முழு அதிகாரம் தரும் சட்டம் வந்தபோது பொதுவுடைமைக் கட்சியின் 81 உறுப்பினர்களில் ஒருவராலும் நாடாளுமன்ற அவைக்குள் வர முடியவில்லை. எதிர்த்து விழுந்த 94 வாக்குகளும் சமூக ஜனநாயகக் கட்சியினருடையவை. மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமில் முதலில் அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இடதுசாரிகள். அவர்களையும் அவர்களை அடைத்தவர்களையும் ஒரே கட்டத்தில் வரைந்திருக்கிறீர்கள் என்பதை அருள்கூர்ந்து எண்ணிப் பாருங்கள்.

இத்தாலியில் பாசிசத்தைத் தொடங்கிய முசோலினி சோசலிஸ்டாக இருந்தவர் என்பது இரண்டாவது வாதம். இருந்தார், கட்சி நாளேட்டின் ஆசிரியராகவும் இருந்தார். முதல் உலகப் போரில் இத்தாலி இறங்குவதை ஆதரித்ததற்காக 1914-இல் கட்சி அவரை நீக்கியது. 1919-இல் அவர் தொடங்கிய இயக்கம் எட்டு மணி நேர வேலை, மூலதன வரி என்றெல்லாம் பேசியது உண்மைதான். அந்த ஆண்டுத் தேர்தலில் படுதோல்வி. அதன் பிறகு அவருடைய கருஞ்சட்டைப் படைகள் நிலவுடைமையாளர்களின் பணத்தில் வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் தொழிலாளர் மன்றங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் எரித்தன. 1926-இல் வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றமானது. 1932-இல் முசோலினி பெயரில் வெளிவந்த பாசிசக் கோட்பாட்டுக் கட்டுரை இருபதாம் நூற்றாண்டை வலதுசாரியின் நூற்றாண்டு என்றே சொல்கிறது. அவர் தானே சென்று உட்கார்ந்த பக்கத்தை நாம் மாற்ற வேண்டிய தேவை என்ன?

பாசிச, நாஜி ஆட்சிகளில் அரசுத் தலையீடு இருந்தது உண்மைதான். இத்தாலியில் 1933-இல் அரசு நிறுவனம் வங்கிகளின் தொழிற்பங்குகளை வாங்கியது. ஜெர்மனியில் 1936-இல் நான்காண்டுத் திட்டம் வந்தது. ஆனால் அதே ஜெர்மனியில், முந்தைய வங்கி நெருக்கடியின்போது அரசிடம் வந்திருந்த பெரிய வங்கிகளின் பங்குகள் தனியாருக்கே திரும்ப விற்கப்பட்டன. யூதர்களின் உடைமை பறிக்கப்பட்டது. மற்ற ஆலைகள் பெரும்பாலும் உரிமையாளர்களிடமே இருந்தன, லாபமும் அவர்களுக்கே. என்ன உற்பத்தி செய்வது என்பதைப் போர்த் தேவை தீர்மானித்தது. அரசு தலையிட்டதா என்று மட்டும் கேட்டால் இந்த வேறுபாடு தெரியாது. உடைமை யாரிடம், தொழிலாளி சங்கம் வைக்கலாமா என்றும் கேட்க வேண்டும்.

சோசலிசத்தை வெள்ளையடிக்கச் சொல்லவில்லை. ஸ்டாலினின் ஒற்றைக் கட்சி ஆட்சியும் முகாம்களும் படத்தில் இடம்பெற வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது அச்சு தேவை. கிடைக்கோட்டில் சமத்துவம், ஏற்றத்தாழ்வு. செங்குத்துக் கோட்டில் அதிகாரக் குவிப்பு. ஸ்டாலின் காலச் சோவியத் ஆட்சி இடப்பக்கம் மேலே. பாசிசமும் நாஜிசமும் வலப்பக்கம் மேலே. குரொபோட்கின் இடப்பக்கம் அடியில். 1945 முதல் நிலக்கரிச் சுரங்கங்களையும் இரயில்வேயையும் நாட்டுடைமையாக்கி, 1951 தேர்தலில் தோற்று ஆட்சியை விட்டிறங்கிய பிரிட்டிஷ் தொழிற்கட்சி இடப்பக்கம், கீழ்ப்பாதியில். வலப்பக்க மேல்மூலையில் இருப்பதெல்லாம் பாசிசம் அல்ல. பழைய மன்னராட்சியும் படையாட்சியும் அங்கே வரும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாசிசம் இடது வலது இரண்டையும் கடந்தது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு; அதற்கும் ஒரு வரி போதும்.

இதையெல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவாக ஏன் கேட்க வேண்டும் என்பதும் எங்கள் மனக்குறை. காரணம் கேட்டு ஐந்து மதிப்பெண் கொடுத்தால் பிள்ளைகள் யோசிப்பார்கள். திருத்த நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே வரலாற்றைக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறீர்கள். இது பெரிய பேச்சு; இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது பணிவுடன் கேட்பது இவ்வளவே. விடைக்குறிப்பைத் திரும்பப் பெற்று, வலதுசாரி என்று குறித்தவர்களுக்கு அந்த மதிப்பெண்ணை வழங்குங்கள். அடுத்த பதிப்புவரை காத்திராமல் அந்தப் படத்துக்குத் திருத்தத் தாள் அனுப்புங்கள். ஆட்சேபத்துக்குப் பாடநூலுக்கு வெளியேயுள்ள சான்றையும் ஏற்குமாறு விதியை மாற்றுங்கள். திருத்திய படத்தை வரைந்து தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்