கவனம் சிதறும் பிள்ளைகளுக்குக் காரீயப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளையை ‘வாலு’ என்று திட்டிய காலம் மாறி, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு இருக்கலாம் என்று பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் ஆசிரியர்கள் இன்று வட சென்னையிலும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி அடையாளம் காணப்படும் பிள்ளையின் ரத்தத்தில் காரீயம் (லெட்) என்னும் நச்சு உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது இங்கு வழக்கமாகவில்லை. எண்ணூர், மணலி, கொடுங்கையூர் பகுதிகளில் வளரும் இத்தகைய பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இது வெளிநாட்டு ஆய்வை மட்டும் நம்பி எழுப்பும் அச்சமன்று. நம் சென்னையிலேயே 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் காரீயம் கூடக்கூட, கவனக்குறைவும் பதற்றமும் கூடுவதாக ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகள் காட்டின. அக்குழந்தைகளின் சராசரி அளவு ஒரு டெசிலிட்டர் (100 மில்லி லிட்டர்) ரத்தத்துக்கு ஏறத்தாழ 11 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராமை எட்டினாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே அறியப்படவில்லை என்றும் அது கூறுகிறது.

இக்குறைபாட்டில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. துறுதுறுப்பான பிள்ளைகள் எல்லாருக்கும் காரீயமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரபை மாற்ற முடியாது, காரீயத்தைத் தடுக்க முடியும்.

பெட்ரோலில் காரீயம் சேர்ப்பது 2000-ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. வீட்டுப் பெயிண்டில் அது 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனினும் பழைய சுவர்களிலும் கதவுகளிலும் உதிரும் பெயிண்ட், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகள், கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகை, காரீயமும் ஆர்சனிக்கும் பாதரசமும் கலந்த அனல் மின் நிலையச் சாம்பல் எனப் பல வழிகள் இன்னும் அடைபடவில்லை. வலைக்குக் கட்டும் காரீயக் குண்டுகள் மீனவர் வீடுகளில் குழந்தைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கின்றன. பட்டறையில் வேலை செய்யும் தகப்பன் அதே சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால், தூசி பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போய்விடும்.

வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைகளுக்கு அது இன்னும் கூடும் என்பதால், ரத்தசோகை மிகுந்த நம் பகுதிகளில் ஏழைப் பிள்ளைக்கே இரட்டைச் சுமை. கால்சியத்தைப் போலவே நடந்துகொண்டு எலும்பில் தங்கும் இந்த நஞ்சு, தாயின் எலும்பிலிருந்து கருவிலுள்ள சிசுவுக்கும் செல்கிறது.

ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. வளர்ச்சித் தாமதமோ கவனக்குறைவோ இருப்பதாக அவை கண்டறியும் பிள்ளைகளுக்கும், பேட்டரி, பழைய இரும்புத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ரத்தக் காரீய அளவைப் பார்க்கச் சொல்ல ஓர் அரசாணை போதும். புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

மிக அதிக அளவுகளுக்குத்தானே மருந்து தரப்படுகிறது, குறைந்த அளவைக் கண்டறிந்து என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். காரீயம் வரும் வழியை அடைப்பதுதான் அங்கே சிகிச்சை. முடிவைப் பெற்றோருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்து, இரும்புச்சத்து மாத்திரையும் தந்து, சுகாதார ஆய்வாளரை அந்த வீட்டுக்கும் தெருவுக்கும் அனுப்பினால், உடன்பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துக் காப்பாற்றலாம். சுகாதாரத் துறையும் சென்னை மாநகராட்சியும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.