இறாலுக்கு உள்ளூர்ச் சந்தை

ஐயா,

இறால் ஏற்றுமதி பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். 2009-க்குப் பின் வனாமி என்னும் இறால் வகையின் வளர்ப்பு பெருகியதே தவிர, விற்பனைக்கு அமெரிக்காவையே பெரிதும் நம்பியிருந்தோம். 2025 ஆகஸ்டில் அந்நாடு நம் இறால் உள்ளிட்ட பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, போட்டியாளரான ஈக்வடாருக்கு அது 15 சதவீதமே. இறால் உரிக்கும் கூடமொன்றில் கிலோ கணக்கில் கூலி பெறும் என் அண்ணி, ஐஸ் நீரில் ஊறி வெளுத்த விரல்களுடன் அதையடுத்த மாதங்களில் வேலை குறைந்து நண்பகலுக்கு முன்பே வீடு திரும்பினார். எங்கள் தெருவிலோ இறாலுக்கு விருப்பம் குறையவில்லை (விலையும் குறையவில்லை என்பது வேறு கதை). எனவே, உரித்த வளர்ப்பு இறாலைக் கால் கிலோ பொட்டலங்களாகத் தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழக விற்பனை நிலையங்களில் நியாய விலைக்கு விற்க அரசு ஏற்பாடு செய்யலாம்.

– வாசகர், காசிமேடு, சென்னை.